எல்லைக் கதியால்

லண்டனின் வடமேற்கில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள கடைத்தெருவின் முனையில், ஆறேழு கார்கள் நிற்கக்கூடிய ஒரு துண்டு நிலம் இருக்கிறது. நடைபாதைக்கும் கடை முகப்புக்கும் நடுவே கிடக்கும் இடம். ஒரு மார்கழி மாலை, அம்மாவின் மருந்தை எடுக்கப் போனபோது காரை அங்கே விட்டேன். மருந்தகத்தில் நீண்ட வரிசை. திரும்பி வர 23 நிமிடம் ஆகிவிட்டது. பதினோராம் நாள் கடிதம் வந்தது. 100 பவுண் கட்டவேண்டுமாம். 14 நாளுக்குள் கட்டினால் 60.

இந்த நாட்டில் வாழும் நம்மவர்கள் பலர் இப்படியொரு கடிதத்தைக் கையில் வாங்கியிருப்பார்கள். நகரசபை அனுப்புவதையும் தனியார் கம்பனி அனுப்புவதையும் பி.சி.என். என்றே சொல்வதால், அரசாங்கமே தண்டம் போட்டுவிட்டதென்று பயந்து கட்டிவிடுகிறவர்கள் அதிகம். நகரசபையுடையது சட்டம் விதிக்கும் தண்டம். தனியாருடையது ஒப்பந்தப் பணம். பலகையில் எழுதியிருந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டுதான் காரை நிறுத்தினீர்கள், பிறகு அதை மீறினீர்கள் என்பதுதான் கம்பனியின் வழக்கு. அப்படியானால் அந்தப் பலகைதான் ஒப்பந்தப் பத்திரம். வாசிக்க முடியாத பத்திரத்துக்கு யார் சம்மதம் கொடுக்க முடியும்?

அன்றிரவே கோபத்தோடு பதில் எழுதினேன். "அந்த இடத்தில் எந்தப் பலகையும் இல்லை" என்பது முதல் வரி. எழுதும்போது அதை நான் மனதார நம்பினேன். ஆனால் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. மறுநாள் மாலை அதே ஆறு மணிக்குப் போய், கார் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பலகை இருந்தது. கடைசிக் கடையின் பக்கச் சுவரில், இரண்டு ஆள் உயரத்தில், துண்டு நிலத்துக்கு முகம் கொடுக்காமல் ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தது. மேலே இருந்த விளக்கு எரியவில்லை. கீழ்ப் பாதியை ஐவிக் கொடி மூடியிருந்தது. சுவரடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தபோதுதான் எழுத்துகள் தெரிந்தன. கட்டணத் தொகை எழுதியிருந்த வரி சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கைபேசி வெளிச்சத்தில், கொடியை ஒரு தடியால் விலக்கித்தான் அதை வாசித்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் வரியை அழித்தேன். "பலகை இருக்கிறது. கார் நின்ற இடத்திலிருந்து, அந்த நேரத்தில், அதை வாசிக்க வழியில்லை" என்று எழுதினேன். முன்னையதைவிட இது வலுக் குறைந்த வாக்கியம்போலத் தெரியலாம். ஆனால் என்னால் காலூன்றி நிற்கக்கூடிய வாக்கியம் இதுதான். மச்சான் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "நான் ஓட்டேல்லை எண்டு எழுதுங்கோ அண்ணை" என்றார். ஓட்டியவர் யாரென்று சொல்லும்படி தனியார் கம்பனி என்னைக் கட்டாயப்படுத்த முடியாது. மௌனமாக இருக்கச் சட்டம் இடம் தருகிறது. ஓட்டிவிட்டு ஓட்டவில்லை என்று எழுதுவது வேறு. 60 பவுணுக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த கேள்வி நிலத்தைப் பற்றியது. அந்தத் துண்டு யாருடையது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

இந்த இடத்தில் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று நம் தலைமுறைக்குத் தெரியும். வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் கதியாலை நாலு விரல் தள்ளி நடுவார்கள். பத்து வருடத்தில் அது ஒரு முழமாகிவிடும். பிறகு கோடு, கச்சேரி. அப்பா வேலி அடைக்கும் நாளில் பக்கத்துக் காணிக்காரரை முதலே கூப்பிட்டு நிற்பாட்டுவார். ஒருமுறை கயிறு பிடித்துப் பார்த்தபோது எங்கள் கதியால் ஒன்று அரையடி அவர் பக்கம் நின்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை. அலவாங்கை எடுத்துத் தானே கிளப்பி இந்தப் பக்கம் நட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

இங்கே கயிறு பிடிக்க முடியாது. நிலப் பதிவகத்தில் சில பவுண்கள் கட்டி வரைபடம் எடுத்தேன். காணியைச் சுற்றிச் சிவப்புக் கோடு. ஆனால் நகர்ப்புறத்து வரைபடம் பெரும்பாலும் 1:1250 அளவில் இருக்கும். தாளில் ஒரு மில்லிமீற்றர் தடித்த கோடு தரையில் ஒன்றேகால் மீற்றரை மூடிவிடும். அந்தக் கோடு பொதுவான எல்லையைத்தான் காட்டுகிறது, துல்லியமான எல்லையை அல்ல என்று 2002ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டமே சொல்கிறது. எனவே நகரசபைக்கு எழுதினேன். பொதுச் செலவில் பராமரிக்கும் வீதிகளின் பட்டியலை வைத்திருப்பது 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி அவர்களுடைய கடமை. மூன்று கிழமையில் பதில் வந்தது. நடைபாதையை ஒட்டிய ஏறக்குறைய இரண்டு மீற்றர் பொது வீதியைச் சேர்ந்தது. என் காரின் பின்பாதி வீதியில் நின்றிருக்கிறது, முன்பாதி தனியார் நிலத்தில்.

ஓட்டியவர் யாரென்று தெரியாதபோது காரின் பதிவுக்காரரிடம் பணம் கேட்கும் உரிமையைத் தனியாருக்குக் கொடுத்தது 2012ஆம் ஆண்டுச் சட்டம். பொதுச் செலவில் பராமரிக்கும் வீதிக்கு அந்த உரிமை செல்லாது. "முழுக் காரும் வீதியில்தான் நின்றது" என்று எழுதியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். நான் பின்பாதி என்றே எழுதினேன், அளவோடு.

நிலக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. மரக்கறிக் கடைக்காரர் சொன்னார், காலையில் ரயிலுக்குப் போகிறவர்கள் காரை விட்டுவிட்டு இருட்டிய பிறகுதான் வருகிறார்களாம், அவருடைய வாடிக்கையாளருக்கு நிற்க இடமில்லையாம். செம்ஸ்ஃபோர்ட் கடைத்தொகுதி ஒன்றில் இரண்டு மணிநேர இலவசத்துக்கு மேல் 56 நிமிடம் நின்றவரிடம் கேட்ட 85 பவுண் செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். அங்கே பலகைகள் பெரிதாக, தெளிவாக, போகிற வருகிற இடமெல்லாம் இருந்தன. அதற்கு முன் 2000இல் வந்த வால்தம் ஃபாரஸ்ட் வழக்கையும் மறக்கக்கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் ஒருவர் குமட்டல் தாங்காமல் காரை ஓரம் கட்டினார். அங்கே நின்ற இன்னொரு வாகனம் பலகையை மறைத்திருந்தது. சில நிமிடத்தில் அவருடைய சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பார்க்காத அறிவிப்புக்கு அவர் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கேட்பவர் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், மறுப்பவர் உள்ளதைச் சொல்ல வேண்டும். இரண்டு தீர்ப்பையும் சேர்த்து வாசித்தபோது எனக்குக் கிடைத்தது இதுதான்.

கம்பனி என் முறைப்பாட்டை ஒரே பந்தியில் நிராகரித்தது. 28 நாளுக்குள் சுயாதீன மேன்முறையீட்டு அமைப்புக்கு, அந்த இடத்தில் எடுத்த ஒன்பது படங்களும் வரைபடமும் நகரசபைக் கடிதமும் அனுப்பினேன். தீர்ப்பு வரும் முன்பே கம்பனி விலகிக்கொண்டது. காரணம் சொல்லவில்லை. பலகையைக் கீழிறக்கி, விளக்குப் போட்டு, எல்லையை வெள்ளைக் கோடாகக் கீறிவிடும்படி நிலக்காரருக்குத் தனியாக எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

எங்கள் வீதியில் தனியாக வாழும் ஓர் அன்ரி அதே இடத்தில் வந்த கடிதத்துக்கு 60 பவுண் கட்டியது பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தைக் கண்டதும் இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லையாம். கட்டிய பணத்தை இனித் திரும்பக் கேட்பது மிகக் கடினம். வேறு சிலர் கடிதத்தைக் குப்பையில் போடுகிறார்கள். நீதிமன்றப் படிவம் வந்தும் பதில் போடாமல் விட்டால் தீர்ப்பு எதிராகப் போய், ஆறு வருடம் வரை கடன் பதிவில் நிற்கக்கூடும்.

வீட்டில் முதியவர் யாருக்காவது இந்தக் கடிதம் வந்தால், அவரைத் தனியே கட்ட விடாதீர்கள், எறியவும் விடாதீர்கள். கார் நின்ற அதே நேரத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். பலகை தெரிந்தால் கட்டச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுங்கள்.