வண்டி பழசு என்று சொல்லாதே!

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையையும் கடந்து, வெள்ளிமலைக்கு ஏறும் சாலை. கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வருகிறது. வேகத்தைக் குறைத்து ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கிறாய். இன்ஜின் துவள்கிறது, குலுங்குகிறது, அணைந்தேவிடுகிறது. கையில் இருந்த ஸ்டியரிங் கல்லாகிறது.

அந்த நொடியில் உன் வாயில் வருவது என்ன? "வண்டி பழசாயிடுச்சு!"

தம்பி, அந்த வார்த்தையைத் தூக்கி எறி! எந்தப் பழுதுக்கும் அப்படி ஒரு பெயர் கிடையாது. மலையாளிப் பழங்குடி மக்கள் விளைவித்த மரவள்ளிக் கிழங்கை மலையிறக்குவது உன் வண்டி. நடு இரவில் பிரசவ வலி என்று ஓடி வந்தால் கிளம்புவதும் அதுதான். அதைத் தலையெழுத்து என்று விட்டுவிட உனக்கு உரிமை இல்லை!

எனக்கும் இதே சொல்லைச் சொன்னார்கள். பழசு என்று தலையாட்டி, ஸ்டியரிங் பம்பை மாற்றினார்கள் ஒரு பட்டறையில். காசு போனது, கோளாறு போகவில்லை. அன்றுதான் பானட்டைத் திறந்து நானே குனிந்தேன். இன்ஜினை அணைத்துவிட்டு, பம்பைச் சுற்றும் பெல்ட்டை விரலால் அழுத்தினேன். தொளதொளவென்று உள்ளே போனது. டீசல் பில்டருக்கு வரும் ஓஸின் கிளிப்பில் மட்டும் புழுதி ஈரமாக அப்பியிருந்தது. நிற்கும்போது டீசல் கசிகிற அந்த இடம்தான், ஓடும்போது காற்றை இழுக்கிறது!

யோசித்துப் பார். பவர் ஸ்டியரிங் பம்பைச் சுற்றுவது இன்ஜின். ஐடிலிங்கில் நிற்கும் இன்ஜினிடம் பலம் குறைவு. முழுதாக ஒடிக்கும்போது பம்பு கேட்கும் பலமோ அதிகம். டீசலில் காற்று கலந்து ஏற்கெனவே தள்ளாடும் இன்ஜின் அங்கேதான் விழுகிறது. அது தளர்ந்தால் பம்பும் தளரும், ஸ்டியரிங் இறுகும். நீ இரண்டு வியாதி என்று பயந்தது பல நேரம் ஒரே சங்கிலி.

பிரித்துப் பார்க்க உன்னால் முடியும். சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடு. கொஞ்சம் ரேஸ் கொடுத்து ஒடித்துப் பார். இலகுவானால் ஐடிலிங், பெல்ட், பம்பு என்று தேடு. அப்போதும் கல்லாகவே இருந்தால் முன் டயரில் காற்றைப் பார். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு முட்டுக் கொடுத்து, இன்ஜினை அணைத்துச் சுற்று. இறுக்கம் தொடர்ந்தால் பால் ஜாயின்ட் பக்கம் போ. பவர் ஸ்டியரிங் டப்பாவில் ஆயில் நுரைத்திருந்தால் உள்ளே காற்று. முழுதாக ஒடித்தபடி 5 வினாடிக்கு மேல் பிடிக்காதே, பம்பு சூடேறிக் கெடும்.

ஐடிலிங் ஸ்குருவை எடுத்த எடுப்பில் திருகாதே! ஐடிலை ஏற்றினால் கோளாறு ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். காமன் ரெயில் வண்டி என்றால் உயர் அழுத்தக் குழாய்களைக் கையால் தடவிக் கசிவு தேடவே கூடாது. உள்ளே அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும்; டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். துணிவு வேறு, முரட்டுத்தனம் வேறு.

பொறுமைக்கு உதாரணம் கேள். 1893 ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசலின் சோதனை இன்ஜினில் முதல் வெடிப்பு நடந்தபோது, அழுத்தம் அளக்கும் கருவியே சிதறியது. அவர் ஓடிப்போகவில்லை. 1894 பிப்ரவரி 17 அன்று இன்ஜின் தானாக ஓடியது. எவ்வளவு நேரம்? ஏறத்தாழ ஒரே நிமிடம்! பிரான்சிஸ் டேவிஸ் அமெரிக்காவில் பவர் ஸ்டியரிங்கை ஓட்டிக் காட்டியது 1926இல். விற்பனைக் காரில் அது வந்தது 1951இல். கால் நூற்றாண்டு! ஒரு பெல்ட்டைத் தேடி அரை மணி குனிய உனக்குப் பொறுமை இல்லையா?

வளைவில் அணைந்தாலும் பதறாதே. சாவியை உருவாதே. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது, இரண்டு கையாலும் இழுத்தால் திரும்பும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடி.

நாளைக் காலை லோடு ஏற்றும் முன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பானட்டைத் திற. கையில் டார்ச் எடுத்துக்கொள். கள்ளக்குறிச்சிக்கு ஸ்பேர் வாங்கப் போவதெல்லாம் அப்புறம். முதலில் அந்த ஓஸ் கிளிப்பைப் பார்!