குளத்தின் எல்லை எது?

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றினாலும் சிறப்புற்று விளங்குவதே ஆலயம் என்பர் பெரியோர். எமது ஊர்ப் பிள்ளையாருக்கு இம்மூன்றும் குறைவின்றி அமைந்துள்ளன. முதலிரண்டையும் பற்றி முன்னைய ஆண்டு மலர்களில் அறிஞர் பலர் எழுதிவிட்டனர். மூன்றாவதாகிய தீர்த்தக் குளத்தைப் பற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் அடியேனைக் கேட்டபோது, தீர்த்த மகிமையை எழுதித் தருவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். ஆனால் இரண்டு ஆண்டுகளாகக் குளத்தைப் பற்றி ஊரில் நடைபெறும் பேச்சு மகிமையைப் பற்றியதன்று. அது எல்லையைப் பற்றியது. ஆகவே அதையே எழுதத் துணிந்தேன்.

நடந்தது யாவரும் அறிந்ததே. குளத்தையும் அதைச் சுற்றியுள்ள பள்ளக்காணிகளையும் ஈரநிலமாகப் பாதுகாக்க வேண்டும், அங்கே மண் நிரப்பவோ கட்டடம் எழுப்பவோ கூடாது என்று கூறி எல்லைக்கல் நாட்ட அதிகாரிகள் வந்தனர். கரையோரக் காணிக்காரர் மறித்தனர். கற்கள் இன்றுவரை வாசிகசாலைச் சுவரோடு அடுக்கியபடி கிடக்கின்றன. இரு பகுதியாரும் பிள்ளையாரிடம் நீதி கேட்டு வந்தனர். பிள்ளையார் பேசாதிருந்தபடியால் பரிபாலன சபையிடம் வந்தனர். சபை இரண்டு கூட்டம் கூடியும் முடிவு காணவில்லை.

முதலில் குளத்தின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு எதுவும் இல்லை. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்தில் தொடங்கிக் கந்தரோடை வழியாக அராலிக் கடல்நீரேரியிற் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. நாம் குடிப்பது கிணற்று நீர். அக்கிணற்று நீரோ சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி நிற்கும் மழைநீரேயன்றி வேறொன்றன்று. பாறைக்குள்ளே கீழே கிடக்கும் உவர்நீரின் மேல், நடுவிலே தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், ஒரு வில்லைபோல அந்த நன்னீர் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும், மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து 40 அடி உவர் ஏறிவரும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே குறைவது கண்ணுக்குத் தெரியும். கீழே ஏறுவது, கிணற்றுத் தேநீர் ஒருநாள் கரிக்கும்போதுதான் தெரியும்.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையைக் கடலுக்கு ஓடவிடாமல் மறித்து நிலத்துக்குள் இறக்குவது குளமும் அதைச் சுற்றியுள்ள பள்ளமுமே. கோரையும் ஆம்பலும் முளைத்து, கொக்கும் நாரையும் மேய்ந்து, ஆறு மாதம் வெடித்துக் கிடக்கும் அந்தத் தரவையை வெறும் நிலம் என்று எண்ணுவது பெரும் பிழை. குளத்தின் தொட்டி மட்டும் குளமன்று.

ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கை ஒன்று 1971 ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் எழுதப்பட்டது. இலங்கை 1990 இல் அதிற் சேர்ந்தது. மன்னார் வங்காலைச் சரணாலயம் 2010 இல் அதன் பட்டியலில் இடம்பெற்றது. 2018 இல் கொழும்பு மாநகருக்கு ஈரநில நகரம் என்ற சிறப்பும் கிடைத்தது. எமது குளம் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாத குளங்களின் நீரைத்தான் நம்மவரிற் பெரும்பாலோர் குடிக்கின்றோம்.

இனி மறுபக்கம். அடியேன் அரச சேவையிற் பெரும்பகுதியைக் காணிக் கோவைகளோடு கழித்தவன். கரையோரத்தார் தங்கள் உறுதிகளைக் கொண்டுவந்து காட்டியபோது பழைய பழக்கத்தில் எல்லைகளையே முதலிற் பார்த்தேன். வடக்கு ஒழுங்கை, கிழக்கு இன்னாருடைய காணி, தெற்கு வெள்ளவாய்க்கால், மேற்கு குளம். எல்லா உறுதியிலும் இதே வாசகம். ஆனால் எந்தக் குளம்? ஆவணி மாதத்துக் குளமா, கார்த்திகை மாதத்துக் குளமா? நில அளவையாளர் சங்கிலி பிடிப்பது வெயிற் காலத்திலே. சேற்றுக்குள் நின்று எவரும் காணி அளப்பதில்லை. ஆகவே கோடையிற் குளம் ஒடுங்கிக் கிடந்த இடமே கடதாசியில் எல்லையாயிற்று. காணிக்காரர் பொய் சொல்லவில்லை, குளமும் பொய் சொல்லவில்லை. மனிதர் மூச்சை உள்ளே இழுத்து நிற்கும்போது சட்டைக்கு அளவெடுத்தாற் போன்றது அது.

கரையோரத்தில் இரண்டு பரப்புக் காணி வைத்திருக்கும் தங்கச்சி ஒருவர் சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்ன வார்த்தைகள் இன்னும் காதில் நிற்கின்றன. மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவென்று வாங்கிய காணி அது. "அண்ணை, குளத்துக்கு நான் எதிரி இல்லை. என்ர கிணத்துத் தண்ணியும் அந்தக் குளத்துத் தண்ணிதான். ஆனா ஊருக்கெல்லாம் தண்ணி வேணுமெண்டா, என்ர வளவை மட்டும் ஏன் கேக்கிறியள்?" என்றார். மேட்டில் வீடுள்ளவர்கள் பலர் அன்று குளத்தின் அருமையைப் பற்றி நன்றாகப் பேசினார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னர் அவர்களிலும் ஒருவர் பேசவில்லை. அடியேனும் மேட்டில் வீடுள்ளவனே.

அவர் கேட்டதில் உள்ள நியாயத்தைச் சட்டம் படித்தவர்களும் ஒப்புவர். அரசு ஒருவருடைய காணியைப் பொதுத் தேவைக்கு எடுத்தால் 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி நட்டஈடு உண்டு. ஆனால் காணியை எடுக்காமல், "உன்னுடையதுதான், ஆனால் ஒன்றும் செய்யாதே" என்று சொன்னால், கையில் இருப்பது உறுதி மட்டுமே. சீதனம் பேச வருபவர் உறுதியைப் பார்த்து மயங்கமாட்டார்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இவர்கள் 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் வீடு வளவு அனைத்தையும் விட்டு ஓடிய சனம். திரும்பி வந்து, இடிந்த சுவர்களை அள்ளி, அந்தக் கல்லையும் மண்ணையும் கொட்ட வேறிடம் இன்றிப் பள்ளத்திற் கொட்டி, அதன்மேல் கொட்டில் போட்டு இருந்தவர்களும் உண்டு. அவர்கள் கண்ணுக்கு எல்லைக்கல் என்பது வெறும் கல்லன்று. எவரோ வந்து கல் நாட்டிய பின்னர் காணி திரும்பிவர எத்தனை ஆண்டு சென்றது என்பதை வலிகாம வடக்கு மக்களைக் கேட்டால் சொல்வர். இப்பயத்தைப் பேராசை என்று பேசுவது பாவம்.

ஆயினும் பயம் நியாயமானது என்பதால் மண் நிரப்புவது நியாயமாகிவிடாது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையின்போது நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். தன் வளவை உயர்த்தியவர் வீட்டில் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் மறைந்துபோகவில்லை. பக்கத்து வளவுக்குப் போயிற்று. அவரும் அடுத்த ஆண்டு மண் பறித்தார், தண்ணீர் அதற்கும் பக்கத்து வளவுக்குப் போயிற்று. 2024 நவம்பர் மழையில் அது கோயில் வெளிவீதி வரை வந்து நின்றது. என் காணியில் நான் எதுவும் செய்யலாம் என்பது என் வேலிக்குள்ளே முடிகின்ற செயலுக்குப் பொருந்தும். பள்ளத்தை நிரப்புவது வேலிக்குள்ளே முடிகின்ற செயலன்று. வயற்காணியை அனுமதியின்றி நிரப்புதல் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி குற்றமாவதும் இதன் பொருட்டே.

இந்த வழக்கு நமக்குப் புதியதன்று. பெரியபுராணத்திலே தண்டியடிகள் நாயனார் சரித்திரம் முழுவதும் குளத்து எல்லை வழக்கே. பங்குனிச் சதயத்தில் குருபூசை செய்கின்றோம், ஆனால் இக்கோணத்தில் எண்ணிப் பார்ப்பதில்லை. திருவாரூர்த் திருக்கோயிலின் மேற்கேயிருந்த குளம், அயலிலே சமணருடைய இருப்பிடங்கள் நெருங்கியபடியால் இடங்குறைந்து போயிற்று. பிறவியிலேயே கண்பார்வையற்ற நாயனார் குளத்துக்குள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண்ணை வெட்டிச் சுமந்தார். அயலார் மறித்தனர், மண்வெட்டியையும் கூடையையும் பறித்தனர். வழக்கு அரசன் முன் சென்றது. நாயனார் குளத்தில் மூழ்கிக் கண்பெற்று எழுந்தார், எதிர்த்தவர் கண்ணிழந்தனர். அரசன் அவர்களை அகற்றிக் குளத்தைப் பெருப்பித்தான்.

பழங்காலச் சமயப் போட்டி அச்சரித்திரத்திற் கலந்துள்ளது. அதை அப்படியே எமது ஊருக்குப் பொருத்த முடியாது. எமது குளக்கரையில் இருப்பவர் வேற்றுச் சமயத்தார் அல்லர், எதிரிகளும் அல்லர். மூன்றாந் திருவிழா உபயகாரர், கோயிலுக்குப் பூமாலை கட்டித் தருபவர், தேருக்கு வடம் பிடிப்பவர். அவர்களை அகற்றித் தீர்க்கும் வழக்கன்று இது. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. நாயனார் அயலாரைப் பார்த்து முதலில் எழும்பச் சொல்லவில்லை. முதலில் தாமே மண் சுமந்தார்.

நாம் சுமந்தோமா? இதை எழுதுவதற்குக் கை கூசுகின்றது, எனினும் எழுதாவிட்டால் இக்கட்டுரைக்கு அர்த்தமில்லை. 2012 ஆம் ஆண்டில் வெளிநாட்டு அன்பர்கள் மனமுவந்து அனுப்பிய நிதியில் அன்னதான மண்டபத்தை விரிவாக்கினோம். சமையற்கூடத்துக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் இடம் போதவில்லை. குளத்தின் வடகிழக்கு மூலையில் மண் பறித்து நிரவினோம். கோயிற் காரியந்தானே என்று எவரும் கேட்கவில்லை. கூட்டறிக்கையில் அத்தீர்மானத்தை எழுதியதும் ஒப்பமிட்டதும் அடியேனே. சென்ற ஆண்டு காணிக்காரர் ஒருவர், "கோயில் மடம் கட்டேக்க இது குளமா இருக்கேல்லையோ?" என்று கேட்டபோது, சபையில் இருந்த எழுவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கேட்டது கோபத்தினால் என்றாலும் கேள்வி சரியானது. பிறரிடம் எல்லை பேசும் தகுதியை அன்றைக்கே இழந்திருந்தோம்.

தருமகர்த்தா என்ற சொல்லை எண்ணிப் பார்க்கின்றேன். கோயிற் காணியின் உறுதியில் எங்கள் பெயர் இருக்கின்றது. ஆனால் அக்காணி எங்களுடையதன்று. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் இதையே வேறு வார்த்தையிற் சொல்கின்றது. பெயர் ஒருவருக்கு, பயன் வேறொருவருக்கு. குளக்கரைக் காணிக்காரரும் ஒருவகையில் இதே நிலையில் இருக்கின்றனர். அவர்களது நிலத்தின் மேல் ஊரின் தண்ணீர் நிற்கின்றது. எங்களுக்காவது அப்பொறுப்புக்காகத் திருவிழாவில் காளாஞ்சியும் முதல் மரியாதையும் கிடைக்கின்றன. அவர்களுக்குக் கிடைத்தது எல்லைக்கல் மட்டுமே. ஒருவர் ஊருக்காக ஒரு பொருளைக் காத்து நிற்க வேண்டுமென்றால் ஊர் அவரைத் தாங்க வேண்டும். அது தருமமன்று, கடன்.

ஆகவே அடியேன் சபைக்கு எழுத்தில் வைத்த யோசனை இது. கோயிலுக்கு மேட்டில் நான்கு பரப்புத் தோட்டக்காணி குத்தகைக்கு விடப்பட்டுள்ளது. முழுக் காணியும் பள்ளத்தில் உள்ளவருக்கு அதிலிருந்து மாற்றுக்காணி கொடுத்து, பள்ளக்காணியைக் குளத்தோடு சேர்க்க வேண்டும். ஒரு பகுதி மட்டும் பள்ளத்தில் உள்ளவர்கள் காணியைத் தாங்களே வைத்துக்கொண்டு அப்பகுதியை நிரப்பாது விட, அதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை, கிணறுள்ள ஒவ்வொரு வீட்டிலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெரிய தொகையன்று. பூங்காவனத் திருவிழாவில் மேளக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினாலே பெரும்பகுதி தேறும். (மேளகாரர் மன்னிப்பாராக. கேட்பவரும் பாதிப்பேர் கச்சான் கடையிலே நிற்கின்றனர்.)

எதிர்ப்பு உடனே வந்தது. சிவன் சொத்துக் குலநாசம், கோயிற் காணியைக் கொடுக்க உமக்கு என்ன உரிமை என்று கேட்டனர். நல்ல கேள்வியே. சட்டத்தரணியின் ஆலோசனையும் பொதுச்சபையின் ஒப்புதலும் இன்றி ஒரு குழி நிலமும் கைமாறலாகாது என்பதில் அடியேனுக்கும் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் மேட்டைக் கொடுத்துத் தீர்த்தத்தைப் பெறுவது இறைவன் சொத்தை இழப்பதாகுமா? உவரேறிய கிணற்றில் அபிஷேகத்துக்கு நீர் அள்ளும் நாள் வந்தால், அந்த நான்கு பரப்பின் குத்தகைக் காசில் வேறு நீர் வாங்கலாமா? இதற்கு மறுமொழி சொல்லாமலே சிலர் எழுந்து போயினர். அவர்களையும் குறை கூறேன். கோயிற் காணி என்றால் கைவைக்கப் பயப்படும் மனம் இருந்தபடியால்தான் அக்காணி இதுவரை தப்பியது.

பொதுச்சபைக் கூட்டம் தைப்பூசத்துக்குப் பின்னர் என்று முடிவாகியுள்ளது. அதுவரை காத்திராமல் ஒன்றை மட்டும் செய்தோம். இவ்வாண்டு புரட்டாதியில் வாகனத் தரிப்பிடத்தில் நிரவிய மண்ணை வெட்டி எடுத்தோம். சமையற்கூடம் இன்னும் நிற்கின்றது, அதை மாற்றக் காசு வேண்டும். வெட்டிய மண்ணை உள்வீதி பள்ளமான இடத்துக்குப் பறித்தோம். இளைஞர்களோடு சேர்ந்து அடியேனும் சில கூடை சுமந்தேன், மூன்று நாள் முதுகு நிமிரவில்லை.

ஐப்பசி முதல் மழைக்கு அவ்விடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பூசை முடிந்து வந்த அந்தத் தங்கச்சி சிறிது நேரம் கரையில் நின்று பார்த்தார். "மாற்றுக்காணி எந்தப் பக்கம், அண்ணை?" என்று கேட்டார். வேலிக்கு அப்பால் கையைக் காட்டினேன். "அங்கை கிணறு இருக்கோ?" என்றார். இருக்கிறது என்றேன். தண்ணீர் எப்படி என்று கேட்டார். நாளைக்கு அள்ளித் தருகிறேன், குடித்துப் பார்த்துச் சொல்லு பிள்ளை என்றேன். குடித்துப் பார்த்தார். இன்னும் ஒப்பம் வைக்கவில்லை.