சிப்காட்டின் ஆறு எழுத்துகள்

எஸ், ஐ, பி, சி, ஓ, டி. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பேரிகையிலிருந்து ஓசூருக்கு ஷிப்டுக்குப் போகிற எவருக்கும் பழகிப்போன ஆறு ஆங்கில எழுத்துகள். 1971-இல் தமிழக அரசு தொடங்கிய தொழில் மேம்பாட்டு நிறுவனத்தின் நீண்ட ஆங்கிலப் பெயரிலிருந்து முதலெழுத்துகளை எடுத்துக் கோத்தது இது. இங்கே யாரும் அதை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. “தம்பி சிப்காட்ல இருக்கான்” என்றால், தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் இந்த ஊரில், தொழிற்பேட்டையில் வேலை என்று எல்லா வீட்டுக்கும் புரியும்.

இந்த ஆறு எழுத்துகளும் இடம்பெறும் நீளமான ஆங்கிலச் சொல் எது? எழுத்துகள் எந்த வரிசையிலும் வரலாம், நடுவில் வேறு எழுத்துகள் நுழையலாம். ஆறில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் மனத்துக்கு நான் கொடுக்கும் வேலை இது.

*

நீளத்தை நினைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. சொல்லின் வாலைப் பிடிக்க வேண்டும். ‘ஷன்’ என்று முடியும் ஆங்கிலச் சொற்களில் பலவற்றின் கடைசி நான்கு எழுத்துகள் டி, ஐ, ஓ, என். அந்த வால் ஒன்றிலேயே நம் ஆறில் மூன்று அடங்கிவிடுகின்றன. மிச்சம் எஸ், பி, சி. அவற்றுக்கு இடம் கொடுக்கும் தலை ஒன்று கிடைத்தால் போதும்.

முதலில் வந்தது இன்ஸ்பெக்‌ஷன், 10 எழுத்து. அதன் பிறகு ‘ஸ்கிரிப்ட்’ என்ற வேர் கண்ணில் பட்டது. ஆறில் ஐந்து அதற்குள்ளேயே இருக்கின்றன, ஓ மட்டும்தான் இல்லை. வாலை ஒட்டியதும் அதுவும் வந்துவிடுகிறது. டிஸ்கிரிப்ஷன் 11, பிரிஸ்கிரிப்ஷன் 12, டிரான்ஸ்கிரிப்ஷன் 13. ஒரு வேரைக் கண்டால் ஒரு குடும்பமே எதிரே வருகிறது. வேறொரு பக்கம் போனால் சூப்பர்கண்டக்டிவிட்டி, 17 எழுத்து.

மிச்சம் மீதி இல்லாமல் இந்த ஆறை மட்டும் கொண்ட சொற்களும் உண்டு: ஆப்டிக்ஸ், டாபிக்ஸ்.

*

கணினி இந்தத் தேடலை வேறு விதமாகச் செய்கிறது. அகராதியின் ஒவ்வொரு சொல்லிலும் ஆறு எழுத்தும் இருக்கின்றனவா என்று ஒன்றுவிடாமல் பார்க்கிறது. அதே எழுத்துகளை மாற்றியடுக்கிய சொற்கள் வேண்டுமென்றால், ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. எஜுகேஷன், ஆக்‌ஷன்ட், காஷன்ட் ஆகிய மூன்றும் அப்படி அடுக்கினால் ஒரே ஒன்பது எழுத்துத் தொடராகிவிடும். கல்வி, ஏலம், எச்சரிக்கை என்ற வேறுபாடு அதற்குத் தேவையில்லை.

பொருளைப் பொருட்படுத்தாமல் சொற்களை ஆண்ட மனிதரும் உண்டு. 2015-இல் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், எழுத்துகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள் விளையாட்டின் பிரெஞ்சு உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்து வென்றார். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு சொல் அகப்பட்டதும், அது யாருடைய வாயில் புழங்குகிறது என்று தெரிந்துகொள்ளும்வரை மனம் அமைவதில்லை.

*

தமிழில் இந்த விளையாட்டின் தரையே வேறு. ‘சிப்காட்’ என்று எழுதினால் நம் கணக்கில் நான்கு எழுத்து. கணினியின் யூனிகோடு கணக்கில் எட்டுக் குறிகள்: மெய்க்கு ஒன்று, கொக்கிக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனி. உயிரும் மெய்யும் சேர்ந்தே நிற்பதால், எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அடுக்குவது ஆங்கிலத்தைப் போல எளிதில் நடக்காது.

நம் புலவர்கள் கட்டுப்பாட்டை வாயில் வைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ கிடையாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ கிடையாது. இத்தனையை விலக்கிய பிறகும் முருகனைப் பாடப் போதுமான சொற்கள் அவருக்கு மிஞ்சின.

*

ஆறு எழுத்தும் கொண்ட மிக நீண்ட அகராதிச் சொல்லாக எனக்குத் தெரிந்தது 45 எழுத்துகள் கொண்டது: நியுமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். 1935-இல் அமெரிக்காவின் தேசியப் புதிராளர் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே கட்டிய சொல். நுரையீரல், மிக நுண்ணிய, சிலிகா, எரிமலை, தூசு, நோய் என்று துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்கலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நின்று இதைப் படிக்கும்போது என்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இது கிரானைட் மண். கல்லை வெட்டும்போதும் மெருகேற்றும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிலிகாத் தூசு எழுகிறது. நுரையீரலின் ஆழத்தில் தங்கித் தழும்பாகிறது. தழும்பான இடம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, காசநோய்க்கும் அது வழிவிடுகிறது. தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டினால் தூசு பெரிதும் அடங்கும். உண்மையான நோயின் பெயர் ஒன்பதே எழுத்து: சிலிகோசிஸ். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக அது இடம்பெற்றிருந்தது. அந்தச் சொல்லுக்குள் நம் ஆறு எழுத்தும் முழுமையாக இல்லை. பியும் இல்லை, டியும் இல்லை. என் விதிப்படி அது தோற்ற சொல். ஆனாலும் இந்த மாவட்டத்தில் எல்லோரும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய சொல் அதுதான்.

*

இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் நிற்பவர் ஒரு பாகத்தைக் கையில் எடுத்து, அளவு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். ஆறு எழுத்தைத் தேடும் மனமும் அதையே செய்கிறது. எதையும் விடாமல் பார்ப்பது ஒரு பயிற்சி. அது கைவந்துவிட்டால் நீளமான சொல் யாரையும் மிரட்டாது.

பேரிகைப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொன்று. ஆங்கிலம் அதற்கு மேல் வருகிறது. அவர்களுக்குச் சொற்பட்டியல் கொடுப்பதற்கு முன் இந்த ஆறு எழுத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். வாலையும் வேரையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்பாவின் மருந்துச்சீட்டில் உள்ள பிரிஸ்கிரிப்ஷனையும், கல்லறுக்கும் பட்டறைச் சுவரில் எழுதியிருக்கும் எச்சரிக்கையையும் படித்துச் சொல்லும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருப்பது அந்தக் குடும்பத்துக்கே பாதுகாப்பு.