நோயுற்ற பெற்றோரைக் காணச் செல்வோருக்கு



நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. அண்டை வீட்டார் படுத்துவிட்டால் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போகிறோம். "அல்லாஹ் ஷிஃபா தருவான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். அண்டை வீட்டாருக்கு அது போதும். ஆனால் படுத்திருப்பவர் உங்கள் வாப்பாவாகவோ உம்மாவாகவோ இருந்தால், 'பார்த்துவிட்டு வருவது' என்பதே பொருந்தாத பேச்சு. அங்கே நீங்கள் விருந்தாளி அல்லர், பணிவிடைக்காரர்.

திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் 23ஆம் வசனத்தைக் கவனியுங்கள். பெற்றோரைச் 'சீ' என்றும் சொல்லலாகாது என்ற கட்டளை, அவர்கள் முதுமையடைந்து நம்மிடம் இருக்கும் காலத்தைக் குறிப்பிட்டே வருகிறது. திடகாத்திரமாய் நடமாடிச் சம்பாதித்துப் போடும் தந்தையைப் பார்த்து எவன் 'சீ' என்பான்? மலமும் சிறுநீரும் படுக்கையிலேயே போகும்போது, கேட்டதையே பத்து முறை கேட்கும்போது, இரவு 2 மணிக்கு எழுப்பித் தண்ணீர் கேட்டுவிட்டு ஒரு மிடறோடு வேண்டாம் என்னும்போதுதான் அந்தச் சொல் நாவின் நுனிக்கு வருகிறது. நாம் வாயை அடக்கினாலும் முகம் சொல்லிவிடும். நோயாளிகள் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் பிழைக்கும் பிள்ளைகள் 10 நாள் லீவில் ஓடி வருகிறார்கள். வந்தவர் முன் திண்ணையில் அமர்ந்து, விசாரிக்க வருவோருக்கு டீ கொடுத்து, டாக்டர் சொன்னதை விவரித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே துணி மாற்றுவது மருமகள்! அவள் செய்வது அவளுடைய நற்குணம்; கடமை மகனுடையது. அந்த 10 நாளும் இரவுக் காவலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். திண்ணையில் வேறு யாராவது உட்காரட்டும்.

ஸஃது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடுமையாக நோயுற்றபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சென்று அவர்களுடைய நெற்றியில் கை வைத்து, முகத்தையும் வயிற்றையும் தடவி துஆச் செய்தார்கள். அந்தக் கையின் குளிர்ச்சியைப் பிற்காலத்திலும் தாம் உணர்ந்ததாக ஸஃது (ரலி) அவர்கள் சொல்லியிருப்பது புகாரியில் இருக்கிறது. கட்டிலுக்கு நாலடி தள்ளி நாற்காலி போட்டு உட்காருவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

அந்தச் சந்திப்பில் சொத்துப் பேச்சும் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரண சாசனம் செய்யலாகாதென்ற சட்டம் அங்கேதான் கிடைத்தது. ஆனால் பேச்சை எடுத்தவர் நோயாளி, வாரிசு அல்ல! பிள்ளைகள் கேட்கத்தக்கது ஒன்றுதான்: "வாப்பா, யாருக்காவது கடன் பாக்கி உண்டா? நான் ஏற்றுக்கொள்கிறேன்."

இனி, பலரும் மறந்துவிடும் விஷயம் தொழுகை. சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள், உடை சுத்தமில்லை என்று சொல்லி, அறுபது வருடம் விடாமல் தொழுதவர் கடைசி மாதத்தில் தொழுகையை விட்டுவிடுகிறார். உள்ளுக்குள் அதை எண்ணி அழவும் செய்கிறார். அவருக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது நபிமொழி. தண்ணீர் தீங்கு செய்யுமென்றால் தயம்மும் இருக்கிறது. சிறுநீர் நிற்காதவருக்கு ஹனபீ மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் ஒரு வுளூ. ஷாபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் ஒரு வுளூ. உங்கள் ஊர் ஆலிமிடம் நோயின் நிலையை விவரமாகச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, வக்து வந்ததும் கட்டிலைக் கிப்லாவின் பக்கம் திருப்பிக் கொடுங்கள். மருத்துவமனையில் அதற்கு வசதிப்படாவிட்டால், இயன்றபடி தொழட்டும்.

நினைவு தடுமாறும் நேரம் வந்துவிட்டால் சுற்றி நின்று "கலிமா சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று நெருக்காதீர்கள். காதருகே நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள். அவர் ஒருமுறை சொல்லிவிட்டால் பேசாமலிருங்கள். பிறகு வேறு பேச்சுப் பேசினால் மட்டும் மீண்டும் மெதுவாகச் சொல்லுங்கள்.