வெள்ளெழுத்தும் வேட்டைத் துப்பாக்கியும்

நாற்பதைக் கடந்த நம்மில் பலர், நாளிதழைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துப் படிக்கத் தொடங்கிய நாளை மறந்திருக்க மாட்டோம். எழுத்து மங்கலாக இருக்கிறதென்று அச்சகத்தாரைக் குறை கூறிவிட்டு, பின்னொரு நாள் சத்தமில்லாமல் கண்ணாடிக் கடைக்குப் போயிருப்போம். வெள்ளெழுத்தினால் நமக்கு வந்த நட்டம் பெரிதன்று. பிழையாகப் படித்த வரியைத் திரும்பப் படித்துக் கொள்ளலாம். ஆனால், கண் மங்கியவர் கையில் இருப்பது நாளிதழாக அல்லாமல் துப்பாக்கியாக இருந்தால்? பிழையாகப் போன குண்டைத் திரும்ப அழைக்க வழியில்லை.

நம் நாட்டுச் சட்டம் இன்று மான் வேட்டைக்கு இடம் வைக்கவில்லை. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே ஓநாய்கள் பெரும்பாலான பகுதிகளிலிருந்து மறைந்துவிட்டன. வெண்வால் மான்களோ பல்கிப் பெருகியுள்ளன. மாநில அரசுகள் ஆண்டுதோறும் பருவம் குறித்து, உரிமம் வழங்கி வேட்டையை நடத்துகின்றன. வேட்டையே கூடாது என்பாருடன் வழக்காட நாம் இங்கு முற்படவில்லை. உணவுக்காக, முறை தவறாது வேட்டையாடுவதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது என்ற இடத்தில் நின்றே வினவுகிறோம்: கண் தளர்ந்த பின், கருவியைத் திருத்திக் கொண்டு வேட்டையைத் தொடர்வது நேர்மையா, தன்னைத்தானே ஏமாற்றிக் கொள்வதா?

அந்நாட்டு முதியவர்கள் பலர் விரும்பி எடுப்பது லீவர் துப்பாக்கி. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, வின்செஸ்டர் நிறுவனம் 1894இல் வெளியிட்ட துப்பாக்கி இவ்வகையில் புகழ்பெற்றது. எழுபது இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. விசையைச் சூழ்ந்துள்ள இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். புதுத் தோட்டா உள்ளே ஏறும். எடை ஏறத்தாழ மூன்று கிலோ. மூட்டு வலியோடு காடு மேடு நடப்பவருக்கு அது ஓர் அருள். ஆயினும் நடக்கையில் அருளாக இருக்கும் அந்த இலேசே, குறி பார்க்கையில் குழலைத் தள்ளாட வைக்கும்.

கண்ணின் சிக்கலுக்கு வருவோம். குழலின் மீது பின்புறம் ஒரு பிளவும், நுனியில் ஒரு சிறு மணியும் உண்டு. பிளவு, மணி, மான் ஆகிய மூன்றும் மூன்று தொலைவில் இருக்கின்றன. இளங்கண் நொடிப்பொழுதில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிவிடும். வயதான கண்ணின் வில்லை இறுகிவிடுவதால் அத்தாவல் கைகூடாது. படிக்கும் கண்ணாடியை மாட்டினால் மணி ஓரளவு தெளியும், மான் கரைந்துவிடும்.

இதற்கு எளிய மருந்து, பிளவை அகற்றிவிட்டு, கண்ணுக்கு அருகே நடுவில் துளையுள்ள ஒரு வட்டத்தைப் பொருத்துவது. துளையைப் பார்க்க வேண்டியதில்லை. துளை வழியே பார்த்தால் போதும். சிறு துளை, ஓரங்களிலிருந்து வரும் கதிர்களைத் தடுத்துவிடுவதால் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவு பெறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் இருந்து, துளை வழியே புகும் ஒளியை ஆராய்ந்த இப்னுல் ஹைதம் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்! ஆனால் துளை சிறுத்தால் ஒளியும் குறையும். மான் நடமாடுவதோ வைகறையிலும் அந்தியிலும். எனவே உள்வட்டைக் கழற்றித் துளையைப் பெரிதாக்குகின்றனர். முன்மணிக்கு வெண்ணிறம் தீட்டுகின்றனர்.

தொலைநோக்கி இன்னொரு வழி. பழைய வின்செஸ்டரில் வெற்றுக்கூடு மேல்நோக்கித் தெறித்ததால் குழலுக்கு நேர் மேலே அதைப் பொருத்துவது கடினமாக இருந்தது. 1948இல் வந்த மார்லின் 336இல் கூடு பக்கவாட்டில் விழும். அதனால் அத்தடை இல்லை. தொலைநோக்கியில் குறிக்கோடும் மானும் ஒரே தளத்தில் தெரியும். முதிய கண்ணுக்கு இதைவிட உதவி வேறில்லை.

நம் ஐயம் இங்கேதான் தொடங்குகிறது. இழந்ததை மீட்டுத் தர வந்த கருவி, முன்பு இல்லாததையும் கடன் கொடுக்கிறது. எழுபது கஜத்துக்கு அப்பால் சுடாதவர், இருநூறு கஜத்தில் நிற்கும் மானைக் கண்ணுக்குள் கொண்டு வந்ததும், கைக்குள்ளும் வந்துவிட்டதாக எண்ணுகிறார். கண்ணாடி கண்ணைத்தான் திருத்தியது. நடுங்கும் கையையும், மேல்மூச்சு வாங்கும் நெஞ்சையும் திருத்தவில்லை. வயிற்றில் அடிபட்ட மான் உடனே விழுவதில்லை. புதருக்குள் ஓடி மறைந்து, மணிக்கணக்கில் துடித்து இறக்கும். அதைத் தேடிச் செல்லவும் அந்தக் கண்தானே வேண்டும்?

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. அசையும் புதரில் என்ன இருக்கிறதென்று சிலர் துப்பாக்கியின் தொலைநோக்கியாலேயே துழாவிப் பார்க்கின்றனர். அது நோக்கும் இடத்தையே குழலும் நோக்குகிறது. புதருக்குள் நிற்பது மனிதனாக இருந்தால்? இதற்காகவே, பார்ப்பதற்கெனத் தனியே பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துகின்றனர்.

அறுக்கும் முன் கத்தியைத் தீட்டிக் கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அறிவோம். பிராணிக்கு நோவு குறைய வேண்டும் என்பதே அதன் உட்பொருள். அம்பு பட்ட வேட்டைப்பிராணி நீரில் விழுந்து கிடந்தால் உண்ண வேண்டாமென்றும் ஹதீஸ் உண்டு. அதைக் கொன்றது அம்பா, நீரா என்ற ஐயமே காரணம். துளைவட்டம் பொருத்துவதும் கத்தி தீட்டுவது போன்றதே என்போம். ஐயத்தைக் குறைக்கும் திருத்தம் எதுவாயினும் அது கடமை. தொலைவை நீட்டுவதற்காகவே செய்யும் திருத்தத்தை அக்கணக்கில் சேர்க்க மனம் ஒப்பவில்லை.

இரண்டையும் பிரித்தறிய அங்கே ஒரு மலிவான வழி வைத்திருக்கின்றனர். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு! மானின் இதயமும் நுரையீரலும் அடங்கும் பரப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். மேசையில் முட்டுக் கொடுத்துச் சுடாமல், காட்டில் சுடுவதுபோல் நின்றும் மண்டியிட்டும் ஐந்து முறை சுட வேண்டும். ஐந்தும் தட்டுக்குள் விழும் தொலைவே அவருக்குரிய எல்லை. சென்ற ஆண்டு எண்பது கஜமாக இருந்தது இவ்வாண்டு அறுபதாகலாம். அதைத் தட்டு கூசாமல் சொல்லிவிடும். கேட்டுக் கொள்வதுதான் மனிதருக்குக் கடினம்; அதிலும் சிறு வயது முதல் சுட்டுப் பழகியவருக்கு.

கதிரவன் மறைந்து அரை மணி நேரம் வரை சுடலாமென்று பல மாநிலங்களின் சட்டம் அனுமதிக்கிறது. அந்த அரை மணியில்தான் மான் காட்டை விட்டு வெளியே வரும். முதியவரின் கண்மணி சுருங்கிவிட்டதால், துளைவட்டத்தின் வழியே அப்போது அவருக்குத் தெரிவது ஒரு சாம்பல் நிற அசைவு மட்டுமே. சட்டம் தந்த அந்த அரை மணியை அவருடைய கண் தரவில்லை. பக்கத்தில் எவரும் இல்லை. மடக்கி வைத்த சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்லத் தாழ்த்தி விட்டு, இருட்டுமுன் வண்டிக்குத் திரும்புவதா என்பதை அவர் தனியாகவே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.