காட்டுத்தீயில் ஒரு மான்கன்று

எல்லாம் அறிந்தவனாகவும் எல்லாம் வல்லவனாகவும் எல்லையற்ற அருளுடையவனாகவும் இறைவனைப் போற்றும் எந்தச் சமயமும், தம் குற்றம் ஏதுமின்றி உயிர்கள் படும் துன்பத்துக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. கொலையும் களவும் போரும் மனிதர் தமக்கு அளிக்கப்பட்ட சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதன் விளைவு என்று கூறிவிடலாம். ஆனால் நிலநடுக்கம், கொள்ளைநோய், காட்டுத்தீ என எவருடைய எண்ணமும் கலவாமல் நேரும் கேடுகளை, மெய்யியலார் ‘இயற்கைத் தீமை’ என்று அழைப்பவற்றை, அந்த விடை தொடுவதே இல்லை. அமெரிக்க மெய்யியல் அறிஞர் வில்லியம் ரோ 1979இல் எழுதிய கட்டுரை இந்தப் பழைய வினாவை ஒரே ஒரு விலங்கின்மேல் கொண்டுவந்து நிறுத்தியது. தொலைவிலுள்ள காடொன்றில் பட்டுப்போன மரத்தின்மீது மின்னல் தாக்குகிறது, தீ பரவுகிறது, அதில் சிக்கிக் கருகிய மான்கன்று ஒன்று உடனே சாகாமல் பல நாள் துடித்துக் கிடந்து பிறகே இறக்கிறது. கண்டவர் எவரும் இல்லாததால், அந்தத் துன்பம் யார் மனத்திலேனும் இரக்கத்தைச் சுரக்கச் செய்தது என்றுகூடச் சொல்ல வழியில்லை. அந்தக் கன்று முதல் நாளிலேயே இறந்திருந்தால் உலகம் எந்த நன்மையை இழந்திருக்கும் என்பதே ரோவின் வினா.

பகுதியில் தீமையாகத் தோன்றுவது முழுமையில் நன்மைக்கே துணைபோகிறது என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விடை. ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1710இல் வெளியிட்ட இறைநீதி பற்றிய நூல் அதற்குப் பெயர்பெற்றது. இந்த விடையின் வலுவையும் அது தளரும் இடத்தையும் அறிய, கற்பனைக் காட்டைவிட்டு உண்மைக் காடொன்றைப் பார்ப்பது தகும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், அதே பெயருடைய ஏரியையும் ஆற்றையும் சூழ்ந்து லாட்ஜ்போல் பைன் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. இம்மரத்தின் காய்களில் ஒரு பகுதி பிசினால் இறுக மூடப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே தங்கியிருக்கும். தீயின் வெப்பத்தில் பிசின் உருகினால்தான் செதில்கள் விரிந்து, விதைகள் சாம்பல் படிந்த மண்ணில் விழும். தீயைக் காட்டின் பகைவனாகவே கருதிப் பல பத்தாண்டுகள் அணைத்துவந்த பூங்கா நிர்வாகம் இந்த உண்மையை உணர்ந்து, மின்னலால் மூளும் தீ மக்களுக்கோ கட்டடங்களுக்கோ ஆபத்தாகாத வரையில் தானே எரிந்து அடங்கட்டும் என்று விடும் முறையை 1972இல் மேற்கொண்டது. அடுத்த 15 ஆண்டுகளில் அவ்வாறு விடப்பட்ட 235 தீகளும் சேர்ந்து எரித்தது 34,000 ஏக்கருக்கும் குறைவே.

ரோவின் வாதத்தில் இறைவன் இருக்கும் இடத்தில், ஒரு சிறிய அளவில், இந்த நிர்வாகிகள் இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தீ எரிவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தொடக்கத்திலேயே தலையிட்டால் அணைக்க வாய்ப்பும் இருந்தது. ஆயினும் காட்டின் நலம் என்னும் பெரிய நன்மையை முன்னிட்டு வாளாவிருந்தார்கள். அவர்களைக் கொடியவர் என்று எவரும் சொல்ல முடியாது, அவர்கள் கொண்ட காரணம் உண்மையானது. ஆனால் அந்தக் காரணத்தின் எல்லை எது என்பதை 1988ஆம் ஆண்டின் வறண்ட கோடை காட்டியது. ஜூலை 21 முதல் எல்லாத் தீயையும் எதிர்த்துப் போராடுவது என்று முடிவாயிற்று. மறுநாள் பூங்காவுக்கு வெளியே மனிதரின் கவனக்குறைவால் மூண்ட தீயொன்று, தொடக்கம் முதலே எதிர்க்கப்பட்டும், உள்ளே புகுந்து 4 லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. வேறொரு தீயால், ஏரியின் மேற்குக் கரையிலிருந்த கிராண்ட் வில்லேஜ் குடியிருப்பிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். காற்றில் பறந்த தீக்கங்குகள் ஆறுகளையும் சாலைகளையும் தாண்டி விழுந்து புதிய தீயை மூட்டின; நீரே தீக்கு எல்லை என்னும் நம்பிக்கை பொய்த்தது.

ஒரே சமயத்தில் 9,000 பேர்வரை களத்தில் நின்றார்கள். ஹெலிகாப்டர்கள் நீர்நிலைகளில் தொட்டி அமிழ்த்தி நீர் மொண்டு ஊற்றின என்றாலும், தீயணைப்பின் பெரும்பங்கு கையால் செய்யப்படுவது. ஒருபுறம் கோடரியும் மறுபுறம் மண்வெட்டி போன்ற அலகும் உள்ள கருவியால் சருகையும் வேரையும் வெட்டி நீக்கி, எரிவதற்கு எதுவுமில்லாத வெறுமண் கீற்று ஒன்றைத் தீயின் வழியில் அமைப்பார்கள். தமிழக வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு என்பது இதைத்தான். தீ கடந்துபோன பிறகு முழங்காலிட்டுப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுசென்று, மண்ணுக்குள் வேர் கனன்றுகொண்டிருக்கிறதா என்று அடி அடியாகத் தடவிப் பார்ப்பார்கள். இத்தனை உழைப்புக்கும் 12 கோடி டாலர் செலவுக்கும் பிறகும், செப்டம்பர் 11 அன்று விழுந்த பனியே தீயின் வேகத்தை முறித்தது. பூங்காவில் 7,93,880 ஏக்கர், ஏறத்தாழ 36 விழுக்காடு, தீயின் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தது.

அடுத்த ஆண்டுகளில் கருகிய மரங்களின் அடியில் பைன் நாற்றுகள் அடர்ந்து முளைத்தன. முழுமையின் நலம் பேசியவர்கள் சொன்னது பொய்யாகவில்லை. ஆனால் பூங்காவும் சுற்றுப்புறமும் சேர்ந்த பரந்த நிலப்பகுதியில் சுமார் 345 எல்க் வகைப் பெரிய மான்களும் வேறு வகை மான்கள் 36ம் மாண்டிருந்தன. கூட்டத்தின் அளவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கையே என்று சொல்லப்படுகிறது, அதுவும் சரியே. எனினும் வலி கூட்டத்துக்கு நேர்வதன்று, உடம்புக்கு நேர்வது. காடு தளிர்த்ததன் பயன் காட்டுக்குரியது, மாண்ட மானுக்கு அதில் பங்கில்லை. ஒருவருடைய நன்மைக்காக மற்றொருவர் வதைபடுவதை மனிதரிடையே நீதி என்று ஏற்காதவர்கள், விலங்கு என்றவுடன் அதை ஏற்றுக்கொள்வதற்குத் தக்க காரணம் எதுவும் காட்டப்படவில்லை. நிர்வாகிகளுக்கேனும் ஆற்றல் போதவில்லை என்னும் சமாதானம் உண்டு. எல்லாம் வல்ல இறைவனுக்கு, தீயில்லாமலே விரியும் காயைப் படைக்கத் தடையென்ன என்று ரோவின் பக்கம் நிற்பவர் கேட்கலாம். இறைவனின் காரணம் மனித அறிவுக்கு எட்டாதது என்பவர்களும் உண்டு. பணிவிலிருந்து பிறக்கும் அந்த விடை, கன்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்திய மரபில் பிறந்த சமயங்களுக்கு இந்த வினா வேறு முகம் காட்டுகிறது. மானுக்கும் ஓர் உயிர் உண்டு, அதற்கும் முற்பிறவிகள் உண்டு என்று கொள்வதால், அதன் துன்பத்தை அதன் கணக்கிலேயே வைக்க இவற்றால் முடிகிறது. உயிரைப் பிணித்திருக்கும் ஆணவம், கன்மம், மாயை என்னும் அழுக்குகளை மலம் என்று கூறும் சைவ சித்தாந்தம், வினையின் பயனை நுகர்வதன் வழியே அம்மலம் பக்குவப்பட்டுக் கழலும் நிலையை மலபரிபாகம் என்கிறது. பகுதியை முழுமைக்குப் பலியிடாத விடை இது என்பது அதன் பெருமை. ஆனால் இதிலும் ஓர் இடர் மறைந்திருக்கிறது: கன்று தன் வினையைத்தான் நுகர்கிறது என்றால், அருகில் நிற்பவர் அதைக் காப்பாற்ற முனைவது ஏன்?

வினைக்கொள்கையை மிகக் கறாராகப் பேணும் சமணமே இதற்கு ஒரு கதையால் விடை தருகிறது. சமணரில் ஒரு பிரிவினரான சுவேதாம்பரரின் ஆறாவது அங்கநூலான ஞாதாதர்மகதையில், இரண்டு பிறவிகளில் காட்டுத்தீயைக் கண்ட யானையொன்று வருகிறது. முதற்பிறவியில் அது தீக்குத் தப்பி ஓடி, நீர் வற்றிச் சேறு மிகுந்த ஏரியொன்றில் சிக்கி மாண்டது. மறுபிறவியில் பழைய நினைவு வர, செடிகொடிகளையும் மரங்களையும் பிடுங்கி, தீ பற்ற எதுவுமில்லாத பெரிய வட்டவெளி ஒன்றை அமைத்தது. தீ மூண்டபோது காட்டுயிர்கள் எல்லாம், பகை மறந்து, அதற்குள் வந்து நெருங்கி நின்றன. உடலைச் சொறிவதற்காக யானை ஒரு காலைத் தூக்கியது. அந்தக் கணத்தில் காலடியில் காலியான இடத்தில் முயலொன்று வந்து ஒண்டிக்கொண்டது. முயலின் வினை என்ன என்று யானை ஆராயவில்லை. தீ அடங்கும்வரை இரண்டரை நாள் அந்தக் கால் மண்ணைத் தொடவில்லை. முயல் போன பிறகு காலை ஊன்ற முயன்றபோது அது மரத்துப் போயிருந்தது, யானை சாய்ந்தது, ரோவின் மான்கன்றைப் போலவே எழ முடியாமல் நாள்கணக்கில் வேதனையில் கிடந்து இறந்தது.

அந்த யானை மகத மன்னன் சிரேணிகனின் மகன் மேகனாகப் பிறந்தது. அவன், துறவு பூண்ட முதல் இரவிலேயே, வாயிலருகே படுத்திருந்த தன்மேல் போகிற வருகிற துறவியரின் கால்கள் இடறியதைப் பொறுக்க மாட்டாமல் வீடு திரும்ப எண்ணினான். மறுநாள் காலையில் மகாவீரர் இந்தக் கதையைச் சொன்னது அவனிடம்தான்.