தவறு ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கா?

விஜயதசமியன்று ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடின்றி ஏடு தொடக்குவது சைவ மக்களின் மரபு. ஆனால் அவ்வாறு ஏடு தொடக்கிய பெண்பிள்ளை பத்தாம், பதினோராம் தரத்தை அடையும்போது சில வீடுகளில் அவளது படிப்பு திடீரென நின்றுவிடுகின்றது. வறுமை மட்டுமே இதற்குக் காரணமன்று.

பின்னேர வகுப்பு முடிந்து துவிச்சக்கரவண்டியில் வரும் மாணவி ஒருத்தியைச் சந்தி மதகில் கூடியிருக்கும் இளைஞர் சிலர் நாள்தோறும் மறித்துக் கேலி செய்கின்றனர் எனக் கொள்க. ஒருநாள் ஒருவன் அவளது கையைப் பிடிக்கின்றான். பிள்ளை அழுதுகொண்டு வந்து வீட்டில் சொல்கின்றாள். "இனி நீ வகுப்புக்குப் போகவேண்டாம்" என்பதே வீட்டின் முடிவாகின்றது. சில மாதங்களில் பாடசாலையும் நின்றுபோகும். பின்னர் கலியாணப் பேச்சு எழும். கையைப் பிடித்தவனோ மறுநாளும் அதே மதகில் இருக்கின்றான். இது நீதியாகுமா?

பெற்றோரின் அச்சம் பொய்யானதன்று. ஊர்வாய்க்கு அஞ்சாத தாய் தகப்பன் இல்லை. ஆயினும் அந்த அச்சத்திற்காகப் பிள்ளையின் படிப்பைப் பலியிட்டால் இன்னொரு தீங்கும் விளைகின்றது. இதைக் காணும் மற்றப் பெண்பிள்ளைகள் தமக்கு நேர்வதை வீட்டில் சொல்லாது மறைக்கப் பழகுகின்றனர். சொன்னால் படிப்பு நின்றுவிடும் என அவர்களுக்குத் தெரியும்.

பெரியபுராணம் கூறும் மனுநீதிகண்ட சோழன் வரலாறு யாவரும் அறிந்ததே. திருவாரூர் வீதியில் அரசகுமாரனின் தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. கன்றை வீதியில் விட்டது உன் பிழை என அரசன் பசுவைக் குறைகூறவில்லை. பரிகாரம் செய்தாற் போதும் என அமைச்சர்கள் கூறியதையும் அவன் ஏற்கவில்லை. குற்றம் தன் மகனுடையது என்று தெரிந்தும் மகனையே தண்டிக்கத் துணிந்தான்.

இன்றோ புத்திமதி எல்லாம் பெண்ணைப் பெற்றவர்களுக்கே சொல்லப்படுகின்றது. மகன் எங்கே நிற்கின்றான், பெண்பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகின்றான் என ஆண்பிள்ளையைப் பெற்றவர் விசாரிப்பது குறைவு. தாயைத் தகப்பன் அடிப்பதைப் பார்த்து வளரும் மகன் வேறெதைக் கற்பான்?

சட்டம் தெளிவாகவே உள்ளது. 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு 5 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். கட்டாயக் கல்வி வயதும் 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எவரும் முறையிடலாம். ஊர் மானம் கருதி மூடிமறைப்பதோ, தவறிழைத்தவனுக்கே பிள்ளையைக் கட்டிக்கொடுப்பதோ சமாதானமாகாது.

பிள்ளை வந்து சொல்லும்போது முதலில் அவளை நம்புதல், அவனது வீட்டுக்குச் சென்று கேட்டல், அதிபருக்கும் பொலிசுக்கும் அறிவித்தல், வகுப்பு விடும் வேளையில் பெரியவர்கள் சிலர் சந்தியில் நிற்றல் ஆகியவை எந்தக் கிராமத்தாலும் இயலக்கூடியவை. அவள் மறுநாளும் வகுப்புக்குப் போகவேண்டும். மதகிலிருந்து எழுந்து போகவேண்டியவன் அவனே.